பெயருக்கு முன்னால் விட்ட இடம்

பச்சையம்மாள் காலில் கிடந்த செருப்பு அவளுடையது இல்லை, மகள் கஸ்தூரியுடையது. நாற்பதை எட்டப் போகிறவள், பிறந்ததிலிருந்து செருப்பு என்று ஒன்றைப் போட்டதில்லை. மல்லாட்டைக் கொல்லையில் கடலை பறிக்கும்போது முள் குத்தினால் அங்கேயே உட்கார்ந்து பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கிற கால் அது. ஆனால் மைசூர் அரண்மனைக்குள் போகிறவர்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போகவேண்டும். அந்தச் செருப்பை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுக்கிற ஆளைப் பார்ப்பதற்காகத்தான் அவள் கீழ்பென்னாத்தூரிலிருந்து இரண்டு நாள் வேனில் குலுங்கிக்கொண்டு வந்திருந்தாள். விடுவதற்குச் செருப்பு இல்லாமல் அந்த ஆள் முன்னால் போய் எப்படி நிற்பது? அதனால் ஊரில் கிளம்பும்போதே மகளிடம் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டாள். ஒரு வார் பிய்ந்து ஊக்கு குத்தியிருந்த ரப்பர் செருப்பு. நடக்கும்போது படக் படக்கென்று அடித்துக்கொண்டது, அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரிக்கிற நேரமா அது.

எண்பத்து நாலாம் வருஷத்துக் கோடை. ராமதாஸ் தன்னுடைய மட்டடார் வேனில் வருஷா வருஷம் சித்திரை வைகாசியில் ஊர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு பெங்களூர், மைசூர் என்று சுற்றிக் காட்டிவிட்டு வருவான். போன வருஷம் வந்தபோதுதான் அவன் அந்த ஆளைப் பார்த்தான். ஏழு வருஷத்துக்கு முன்னால் காணாமல் போன இருசப்பன் மாதிரியே ஒருத்தர், அரண்மனை வாசலில் செருப்பு வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார் என்று ஊரில் வந்து சொன்னான். "இருசப்பண்ணேன்னு கூப்பிட்டேன். திரும்பல. ஆனா வேணும்னே திரும்பாத மாதிரி இருந்துதே, அதுதான் எனக்கு சந்தேகமா போச்சு" என்றான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவன் சொன்ன நாளிலிருந்து பச்சையம்மாளுக்கு ஆற்றிலே ஒரு கால் சேற்றிலே ஒரு கால் என்று ஆகிவிட்டது.

ஏனென்றால் கஸ்தூரிக்குக் கல்யாணம் கூடி வந்திருந்தது. அவலூர்பேட்டையில் மாப்பிள்ளை. ஆவணியில் முகூர்த்தம். மாப்பிள்ளையின் அப்பா ஆதிமூலம் நல்ல மனுஷர்தான், வாய் மட்டும் நறுக்குத் தெறித்தாற்போல் இருக்கும். நிச்சயத்துக்கு வந்தவர் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். "பொண்ணோட அப்பன் இருக்கானா, இல்லியா? ஒண்ணு சொல்லுங்க. இருந்தா வந்து மணையில குந்தி, பொண்ணு கைய புடிச்சிக் குடுக்கட்டும். இல்லன்னா காரியத்த முடிச்சிட்டு பத்திரிகை அடிங்க. ரெண்டுங்கெட்டானா வச்சிக்கினு நாளைக்கு எம் மருமவ வாசப்படி மிதிக்கக் கூடாது." அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்று ஊர்ப் பெரியவர்களும் தலையாட்டினார்கள். ஏழு வருஷம் ஆகிவிட்டது. வைக்கோலில் ஆள் செய்து கொளுத்தி, பச்சையம்மாள் கழுத்துத் தாலியை இறக்கிவிட்டால் கணக்கு நேராகிவிடும். பச்சையம்மாள்தான் ஒரே ஒரு தவணை கேட்டாள். "நான் ஒரு வாட்டி போயி பாத்துட்டு வந்துடறேன். அவரா இல்லியான்னு எங்கண்ணு சொல்லட்டும்."

அவள் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பைக்குள் மடித்து வைத்த காகிதம் ஒன்று இருந்தது. திருவண்ணாமலை அச்சாபீஸில் சரிபார்க்கச் சொல்லிக் கொடுத்த கல்யாணப் பத்திரிகையின் மாதிரிப் பிரதி. பெண் வீட்டார் வரியில், இருசப்பன் என்ற பெயருக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டு அச்சடித்திருந்தான். 'திரு' என்று வந்தாலும் சரி, 'காலஞ்சென்ற' என்று வந்தாலும் சரி, அந்த இடத்தில் அடங்கும். கெட்டிக்காரன்.

செருப்பு வைக்கிற இடம் மரப் பலகை அடித்த ஒரு கொட்டகை. வரிசை நகர்ந்தது. அந்த ஆள் தலை நிமிரவே இல்லை. நாள் முழுக்க மனுஷர்களைக் கால் அளவிலேயே பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு நிமிர வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது. தாடி பாதி நரைத்திருந்தது. காக்கிச் சட்டை. இருசப்பனுக்கு இவ்வளவு ஒல்லியான கழுத்து இல்லை. இருசப்பனுக்குத் தாடியே கிடையாது. ஆனால் ஏழு வருஷத்தில் யாருக்கு எது முளைக்கும், எது உதிரும் என்று யார் கண்டது. பச்சையம்மாள் செருப்பைக் கழற்றிப் பலகைமேல் வைத்துவிட்டு, வேண்டுமென்றே இடது காலை ஒரு எட்டு முன்னால் வைத்தாள். அந்தக் காலில் சுண்டு விரல் பாதிதான். கல்யாணமான புதிதில் கரும்புத் தோகை வெட்டும்போது போனது. ரத்தம் நிற்காமல், இருசப்பன் தன் தலைத்துண்டைக் கிழித்துக் கட்டி, மடியில் அந்தக் காலை வைத்துக்கொண்டு பொழுது சாயும் வரை உட்கார்ந்திருந்தான். தகர டோக்கனை நீட்டிய கை ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது. நின்றதா, அவள் ஆசைப்பட்டதால் நின்ற மாதிரி தெரிந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அதற்குள் பின்னால் நின்றவன் முண்டியடித்துத் தன் பூட்சை நீட்டிவிட்டான்.

"இன்னாடி, அவருதானா?" என்று சரசு காதைக் கடித்தாள். சரசு பக்கத்து வீட்டுக்காரி. துணைக்கு வருகிறேன் என்று சொல்லி, ஊரைச் சுற்றிப் பார்க்க வந்தவள்.

"தெரியலக்கா."

"கட்டினவளுக்கே தெரியலன்னா நான் இன்னாத்த சொல்ல. வா, உள்ள போலாம், அப்புறம் கூட்டம் ஜாஸ்தியாயிடும்."

உள்ளே பச்சையம்மாள் எதையும் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. கண் இருந்தது, பட்டது. தங்க அம்பாரி, வெள்ளிக் கதவு, சுவர் முழுக்கப் புலித்தலை, கண்ணாடிப் பெட்டிக்குள் ராஜாக்கள் விளையாடிய பொம்மைகள், கத்தி, ஈட்டி. சரசு மட்டும் ஒவ்வொரு கூடத்திலும் நின்று, "இம்மாம் பெரிய வூட்ட யாருடி பெருக்கறது?" என்று கேட்டுக்கொண்டு வந்தாள். வழி காட்டுகிறவர் அரைகுறைத் தமிழில் ஒரு படத்தைக் காட்டி, எந்தப் பக்கம் போய் நின்றாலும் இந்த மகாராஜா உங்களையே பார்ப்பார் என்றார். எல்லோரும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி ஓடிப் பார்த்து, ஆமாம் ஆமாம் என்று சிரித்தார்கள். பச்சையம்மாளும் நகர்ந்து பார்த்தாள். ராஜா பார்த்தார். பார்க்க வேண்டியவன் பார்க்கவில்லையே, இவர் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

கல்யாண மண்டபத்துக்கு வந்தபோதுதான் அவள் நின்றாள். மேலே கண்ணாடிக் கூரை, அதில் மயில் மயிலாக. அதன் வழியே விழுந்த வெளிச்சம் தரையில் நீலமும் பச்சையுமாகத் தண்ணீர்போல் கிடந்தது. ராஜா வீட்டுக் கல்யாணமெல்லாம் இங்கேதான் என்றார் வழிகாட்டி. அவள் அந்த நீல வெளிச்சத்தில் கால் வைக்க மனமில்லாமல் தூணோரமாக ஒதுங்கி நின்றாள். தண்ணீரைப் பார்த்தால் அவளுக்கு அப்படித்தான். ஏழு வருஷமாக.

எழுபத்தேழு, கார்த்திகை தீபம். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கொல்லைகளில் நின்றாலே மலை தெரியும். அன்றைக்கு ஊரில் ஒருத்தரும் சாப்பிட மாட்டார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மலை உச்சியில் தீபம் தெரிந்ததும் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி அரோகரா போட்டுவிட்டுத்தான் வாயில் தண்ணீர். இருசப்பன் கிணற்று மேட்டில் நின்றால் நன்றாகத் தெரியும் என்று குடும்பத்தை அங்கே கூட்டிக்கொண்டு போனான். அந்தப் பக்கத்துக் கொல்லைக் கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் கட்டுகிற வழக்கம் இல்லை. தரையோடு தரையாக, வீடு ஒன்றை முழுசாக இறக்கிவிடலாம் என்கிற அகலத்தில் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். சின்னவன் தருமனுக்கு மூன்று வயது. அப்பன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். தீபம் தெரிந்தது. எல்லாரும் கையைத் தூக்கினார்கள். இருசப்பனும் தூக்கினான். இரண்டு கையையும்.

அரோகரா சத்தத்தில் தண்ணீர்ச் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. கையை இறக்கிப் பிள்ளையைத் தேடியபோது பிள்ளை இல்லை.

தூக்கி மேலே போட்ட உடம்பைப் பார்த்துப் பச்சையம்மாள் அழவில்லை. புருஷனைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டாள். "சாமிக்கு ரெண்டு கையும் தூக்கினியே, எந்தக் கையிலய்யா எம் புள்ள இருந்தான்?" அவ்வளவுதான். அதற்கப்புறம் அவள் அவனிடம் பேசவில்லை, அவனும் யாரிடமும் பேசவில்லை. மலைமேல் பதினோரு நாள் அந்தத் தீபம் எரிந்தது. வாசலுக்கு வந்தால் தெரியும் என்று அவன் வாசலுக்கே வராமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். தீபம் அணைந்த மறுநாள் காலையில், அடி அண்ணாமலையில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போய் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினான். அக்கா வீட்டுக்கு அவன் போகவே இல்லை.

அந்த வார்த்தையைத்தான் அவள் ஏழு வருஷமாக மென்றுகொண்டிருந்தாள். பத்திரிகையும் கல்யாணமும் ஊருக்குச் சொல்கிற காரணம். உள்ளுக்குள், கேட்ட வார்த்தையைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. அதற்கு ஆள் உயிரோடு இருக்கவேண்டுமே.

வெளியே வந்ததும் சரசுவைத் தோட்டத்துப் புல்தரையில் உட்கார வைத்துவிட்டு, அவள் தனியாகக் கொட்டகைக்குப் போனாள். கூட்டம் கம்மியாகியிருந்தது. அந்த ஆள் டோக்கனுக்குக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"கஸ்தூரிக்குக் கல்யாணம் வச்சிருக்குது. ஆவணியில."

கை நீட்டியபடியே இருந்தது.

"பதினேழு நடக்குது அதுக்கு. ஒன்ன மாதிரியே நெட்டையா வளந்திருக்குது. ஒரு நாளு... ஒரே ஒரு நாளு வந்து மணையில குந்திட்டுப் போனா போதும். நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம்."

"தமிழ் கொத்தில்லா" என்றான் அந்த ஆள். குரல் அடித்தொண்டையிலிருந்து வந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல், அவளுக்குப் பின்னால் நின்ற ஒரு காலைப் பார்த்துச் சொன்னான். தெரியாது என்று சொல்வதற்கு ஒருத்தனுக்கு அவ்வளவு நேரம் எதற்கு? ஆனால் தெரியாதவனிடம் ஒரு பைத்தியக்காரி வந்து எதையோ பேசினால் அவனும்தான் விழிப்பான். பச்சையம்மாளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. டோக்கனைக் கையில் இறுக்கிக்கொண்டு, செருப்பை வாங்காமலேயே திரும்பி வந்துவிட்டாள். செருப்பு அங்கே இருந்தால் இன்னொரு தரம் போகலாம்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஏழு மணிக்கு அரண்மனை முழுக்க விளக்குப் போடுவார்கள், அதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பவேண்டும் என்று ராமதாஸ் முன்பே சொல்லியிருந்தான். வேனில் வந்த பதினெட்டுப் பேரும் வாசலுக்கு எதிரே, பூச்செடி வரிசைக்குப் பக்கத்தில் கூடி நின்றார்கள். அங்கிருந்து கொட்டகை இருபது எட்டு நடைதான். பொழுது போனதும் ஒரு பெண்பிள்ளை வந்து, மூன்று வயது இருக்கும், ஒரு பெண் குழந்தையை அந்த ஆளிடம் விட்டுவிட்டு, கன்னடத்தில் ஏதோ சொல்லிவிட்டுக் கடைத்தெருப் பக்கம் போனாள். குழந்தை அவன் காக்கிச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றது. அப்பா, அப்பா என்றது. அந்தச் சொல்லுக்கு எந்த ஊரிலும் அர்த்தம் ஒன்றுதான்.

அப்படியானால் இவன் வேறு யாரோதான். பச்சையம்மாளுக்கு ஒரு பக்கம் பாரம் இறங்கியது, மறுபக்கம் ஏமாற்றமாக இருந்தது. ராமதாஸைத் திட்டலாமா என்று யோசித்தாள்.

அப்போது விளக்குப் போட்டார்கள்.

ஒரு சொடுக்கில், கோபுரம், வளைவு, தூண், மதில் எல்லாம் பொன்னாக நின்றது. கீழ்பென்னாத்தூர்க் கூட்டம் யோசிக்கவில்லை. இருட்டில் உயரத்தில் ஒரு வெளிச்சம் சட்டென்று தெரிந்தால் என்ன செய்யவேண்டும் என்று அவர்களுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். முப்பத்தாறு கையும் தலைக்குமேல் போனது. "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று பதினெட்டுத் தொண்டையும் ஒன்றாகக் கத்தியது. சரசு கன்னத்தில் போட்டுக்கொண்டு அழவே ஆரம்பித்துவிட்டாள். சுற்றி நின்ற ஜனம் திரும்பிப் பார்த்தது. சில பையன்கள் சிரித்தார்கள். கரண்டு பல்புக்கு அரோகரா போட்ட கூட்டம் அந்த ஊர் அதுவரை பார்த்திருக்காது. ராமதாஸ்கூடக் கையைத் தூக்கிவிட்டு, அப்புறம் அசடு வழிந்தான்.

பச்சையம்மாள் கையும் மேலேதான் இருந்தது. தானாகப் போன கை. அது அங்கே இருக்கும்போதே அவள் கொட்டகைப் பக்கம் பார்த்தாள்.

அந்த மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் அரண்மனையைப் பார்த்து நின்றார்கள். அவன் ஒருத்தன் மட்டும் அதற்கு முதுகைக் காட்டித் தரையில் மண்டியிட்டிருந்தான். குழந்தையின் ஒரு கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்து, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தான். கண் இறுக மூடியிருந்தது.

எல்லாரும் கையை இறக்கினார்கள். பச்சையம்மாள் மட்டும் தூக்கிய கையோடு நின்றாள்.

கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஏழு வருஷம் ஒவ்வொரு காலையும் நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு, அது யாருக்கு என்று தெரியாமல் அவள் கொல்லைக்குப் போயிருக்கிறாள். இங்கே ஒருத்தி, ஒரு குழந்தை, ஒரு காக்கிச் சட்டை. இப்போதே ராமதாஸைக் கூப்பிட்டுக் காட்டினால் போதும், பதினெட்டுப் பேரும் சேர்ந்து ஆளைத் தூக்கி வேனில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். ஆவணியில் மணையில் உட்கார வைத்துவிடலாம். பெண் கையைப் பிடி என்பார்கள், பிடிப்பான். மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டுக் கையை விடு என்பார்கள். அதற்குமேல் அவளால் நினைக்க முடியவில்லை.

அவள் கொட்டகைக்குப் போனாள். அவன் எழுந்து நின்றிருந்தான், குழந்தையை விடவில்லை. அவள் டோக்கனைப் பலகையில் வைத்தாள். அவன் ஒரு கையால் துழாவி, ஊக்குக் குத்திய அந்தச் செருப்பை எடுத்து வைத்தான். குழந்தை நெளிந்தது. "கை நோயுத்தே அப்பா" என்று சிணுங்கியது.

பச்சையம்மாள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"நானுந்தான் அன்னிக்கு ரெண்டு கையும் தூக்கினேன்" என்றாள். "ஒன்ன மட்டும் கேட்டுட்டேன்."

அவன் தலை இன்னும் குனிந்தது. பலகைமேல் ஒரு சொட்டு விழுந்தது, அதை உடனே சட்டைக் கையால் துடைத்தான்.

"புள்ளைக்கு வலிக்குதாம் பாரு. கொஞ்சம் லேசா புடி" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

வேனில் ராமதாஸ் ஆள் எண்ணிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினான். "யக்கா, சொல்லிடு. அவருதானா?"

"இல்ல ராமதாஸு."

"நல்லா பாத்தியா?"

"பாத்தேன். அது யாரோ கன்னடத்து ஆளு." அவள் சுருக்குப் பையைத் திறந்து பத்திரிகைக் காகிதத்தை எடுத்து அவனிடம் கொடுத்தாள். "அச்சாபீஸ்ல காலஞ்சென்றன்னே போட்டுடச் சொல்லு."

சரசு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடிப்பாவி, இன்னா சொல்றன்னு தெரிஞ்சி சொல்றியா? பொண்ணு கல்யாணத்துல ஒன்ன மணைகிட்ட நிக்க வுட மாட்டாளுங்கடி. பின்னால அறையில ஒக்கார வச்சிடுவாளுங்க."

"ஒக்காந்துக்கறேன்" என்றாள் பச்சையம்மாள். நெற்றிக் குங்குமத்தைத் தொட்டுப் பார்த்தாள். வியர்வையில் பாதி கரைந்திருந்தது.

வேன் கிளம்பி மதிலைச் சுற்றி வளைந்தபோது, எரிந்தது போலவே ஒரு சொடுக்கில் அத்தனை விளக்கும் அணைந்தது. வேனுக்குள் எல்லாரும் அடடா என்றார்கள். தெருவிளக்கு மட்டும் மிச்சமிருந்தது. அந்த வெளிச்சத்தில், பூங்கா ஓரத்து நீரூற்றுத் தொட்டியை நோக்கி அவன் குழந்தையோடு வந்துகொண்டிருந்தான். முழங்கால் உயரச் சுவர் வைத்த தொட்டி, முழங்கால் ஆழம்கூட இருக்காது. தொட்டிக்குப் பத்து எட்டு இருக்கும்போதே அவன் நின்றான். குழந்தையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றி, தண்ணீர் இல்லாத பக்கமாக விட்டுக்கொண்டு, தெருவில் இறங்கிச் சுற்றிப் போனான்.